ஒரே வீட்டுக்கு இரண்டு வேண்டுதல்

எழுபத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாத வெயில். என் சொந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க நான் குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டில் குடியிருந்த செண்பகம் பின்கதவைத் திறந்து, "வாங்கக்கா, கயிறு புதுசு, கை வழுக்கும், பாத்து சேந்துங்க" என்றாள். என் கிணற்றுக்கு என்னையே விருந்தாளி மாதிரி அழைத்தாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அண்ணாமலையாரை நம்பி வாழ்கிற உங்கள் எல்லோருக்கும் நான் சொல்ல வந்தது இந்த எரிச்சலைப் பற்றித்தான். அந்த எரிச்சலோடே நான் கேட்டதற்கு அவர் என்ன பதில் கொடுத்தார் என்று நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

நாங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். என் வீட்டுக்காரர் திருவண்ணாமலையில் ஒரு வேர்க்கடலை மண்டியில் வேலை பார்த்தார். ஊரில் எங்கள் பாகத்து நிலத்தை விற்றுத்தான் பே கோபுரத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் இந்த வீட்டை வாங்கினோம். மொட்டை மாடி வைத்த பழைய வீடு. பின்னால் கிணறு. ஊரே உப்புத் தண்ணீர் குடிக்கிற கோடையிலும் இந்தக் கிணற்றில் தண்ணீர் கல்கண்டு. விற்றவர் பட்டணத்தில் மகனோடு இருக்கப் போகிறவர். "குடியிருக்கறவங்க நல்ல மனுஷங்க, ஐப்பசியில காலி பண்ணிடுவாங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறிவிட்டார். அவர் பேச்சை நம்பி, எதிர் வரிசையில் ஒரே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து நானும் என் வீட்டுக்காரரும் எங்கள் மகளும் சாமான்களோடு வந்து இறங்கினோம். ஒரு மாசம்தானே என்று பாதி மூட்டைகளைப் பிரிக்கவே இல்லை.

ஐப்பசி வந்தது. தீபாவளி முடியட்டும் என்றார்கள். முடிந்ததும், கார்த்திகை தீபத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள், அது கழியட்டும் என்றார்கள். மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். தை பிறந்ததும் செண்பகத்தின் மகளுக்குப் பரீட்சை வருகிறது என்றார்கள். பரீட்சை முடிந்ததும் வேறு வீடு தோதாக அமையவில்லை என்றார்கள். அதற்குள் ஆடி வந்துவிட்டது. செண்பகத்தின் புருஷன் மாணிக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், வாய் அதிர்ந்து பேசாதவர். "தேடிக்கினுதான் இருக்கேன் சார்" என்பார் என் வீட்டுக்காரரிடம். வக்கீலிடம் போனோம். குடியிருப்பவர்களைக் கிளப்புகிற வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும் என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்கள் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் என் வீட்டு வாசல். காலையில் கண் விழித்தால் செண்பகம் என் வாசலில் கோலம் போடுவது தெரியும். நன்றாகவும் போடுவாள், அதுதான் கொடுமை. என் வீட்டு மொட்டை மாடியில் அவள் வடகம் காயும். நாங்கள் வந்த வருஷ தீபத்தன்று அவள் சொந்தக்காரர்கள் இருபது பேர் என் மாடியில் ஏறி நின்று, மலையில் ஜோதி தெரிந்ததும் அரோகரா சொன்னார்கள். நான் என் மகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் கூட்டத்துக்கு நடுவே நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரின் முதுகுதான் தெரிந்தது. செண்பகம் மாடியிலிருந்து கையை ஆட்டி, "மேல வாங்கக்கா" என்று கூப்பிட்டாள். நான் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

ஊருக்குப் போனால் ஓரகத்தி கேட்பாள்: "இன்னும் பால் காய்ச்சலையா சரசா?" அந்தக் கேள்விக்குப் பயந்து பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை.

உண்ணாமுலை அம்மன் சன்னதியில் தினமும் ஒரே வேண்டுதல்தான். அவளை அங்கிருந்து கிளப்பு. அவ்வளவுதான். எனக்கு வீட்டைக் கொடு என்றுகூட நான் கேட்கவில்லை. வீடு என்னுடையதுதானே. பௌர்ணமிதோறும் விடியற்காலையில் மலையைச் சுற்றினேன். அப்போது இந்தக் கூட்டம் கிடையாது. மண் ரோடு, புளிய மரம், குரங்கு, அங்கங்கே ஒரு சாமியார். நடக்கிற தூரம் முழுக்க செண்பகத்தையே நினைத்துக்கொண்டு நடப்பேன். ஒரு அடி வைத்தால் அவள் கோலம், ஒரு அடி வைத்தால் அவள் வடகம்.

ஆவணிப் பௌர்ணமி. ஆதி அண்ணாமலை கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வருகிறேன், வாசல் படியில் செண்பகம் உட்கார்ந்து கால் முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். கூட யாரும் இல்லை. ஒதுங்கிப் போக வழியில்லை. "அக்கா, சேந்து போலாமா, தனியா வந்துட்டேன்" என்றாள். சரி என்றேன்.  கொஞ்ச தூரம் போன பிறகு நான்தான் கேட்டேன்.

"நீ என்ன வேண்டுதலுக்குச் சுத்தற?"

அவள் நின்றாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அந்த வூட்டுக்குத்தான்க்கா. மூணு வருஷமா சுத்தறேன். எங்களுக்குத்தான் தருவேன்னு அத வித்த பெரியவர் சொல்லிக்கினே இருந்தாரு. எங்க மாமனாருக்கு உடம்பு முடியாம போயி, சேத்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போச்சு. கொஞ்சம் பொறுங்கனு கேட்டோம். அதுக்குள்ள நீங்க வந்து வாங்கிட்டீங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளே மேலே சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரர் பாக்காத வீடு இல்லக்கா. நான்தான் அது சரியில்ல, இது சரியில்லனு தட்டிக் கழிக்கிறேன். வேற வூட்ல போயி அடுப்ப மூட்டிட்டா இது எனக்கில்லனு ஆயிடும். தெனம் உங்க ஜன்னல் தொறக்கும்போது உள்ளுக்குள்ள எரியுது. இவங்கதானே வாங்குனாங்கனு. தப்பா நெனைக்காதீங்க."

உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இவ்வளவு நாளும் நான் மட்டும் வெந்துகொண்டிருந்தேன் என்று நினைத்தேனே, அவளும் என்னைப் பார்த்து வெந்திருக்கிறாள். அப்படி என்னிடம் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு அறை, பிரிக்காத மூட்டை, ஒரு ஜன்னல். அதைப் பார்த்துக்கூட ஒருத்தி பொறாமைப்பட முடியும்.

மீதித் தூரம் நடக்கும்போதுதான் பயம் வந்தது. நான் அவளைக் கிளப்பு என்கிறேன். அவள் தன்னை அங்கேயே இருக்க விடு என்கிறாள். இரண்டு பேரும் ஒரே மலையைச் சுற்றி, ஒரே சாமியிடம், ஒரே வீட்டைக் கேட்கிறோம். அவர் யார் பக்கம் பேசுவார்? அவள் எனக்கு முன்னாலிருந்து சுற்றுகிறவள்.

ஊருக்குள் வந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். வேண்டுதலை மாற்றிக்கொண்டேன். "அப்பா, அவளுக்கு ஒரு வீடு கொடு. இதைவிட நல்ல வீடாகக் கொடு. அப்போதுதான் அவள் கிளம்புவாள்." நல்ல மனசோடு கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன்.  ஆனாலும் தினமும் கேட்டேன். அவள் பெயரைச் சொல்லி, அவள் புருஷன் பெயரைச் சொல்லி, அவள் மகள் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தேன். அர்ச்சகர், "உங்க பேரு சொல்லலையேம்மா" என்றார். எங்களுக்கு அப்புறம் என்றேன்.

ஐப்பசியில் ஒரு நாள் வேங்கிக்கால் பக்கத்து விவசாயி ஒருவர் மண்டிக்கு வந்தார். கிணற்று மோட்டார் எரிந்துபோய்விட்டது, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, நெற்பயிர் கருகுகிறது என்று அழாத குறையாகப் புலம்பியிருக்கிறார். என் வீட்டுக்காரர் யாரையும் சிபாரிசு செய்கிற ஆள் இல்லை. மாணிக்கத்தின் மேல் அவருக்கும் கோபம் உண்டு. அன்றைக்கு வாயிலிருந்து தானாக வந்ததாம்: "எங்க வூட்டுல ஒருத்தர் குடியிருக்காரு, காயில் கட்டறவரு, கூட்டிப் போங்க." மாணிக்கம் போய் அங்கேயே தங்கி மோட்டாரை ஓடவைத்துவிட்டுத்தான் வந்தார். பயிர் பிழைத்தது. அந்த விவசாயி ரோட்டோரமாக இருந்த மேட்டுக் கொல்லையை மனை போட்டு விற்கிற யோசனையில் இருந்தவர். "மூலை மனைய நீங்க எடுத்துக்கோங்க, பணத்த கொஞ்சம் கொஞ்சமா குடுங்க" என்று அவராகவே மாணிக்கத்திடம் சொன்னார்.

அந்த வார்த்தையை என் வீட்டுக்காரர் வாயில் வைத்தது யார்? நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அத்தோடு முடியவில்லை. அவர்கள் வீடு கட்டினால்தானே என் வீட்டைக் காலி செய்வார்கள்? கார்த்திகை மழையில் கடைக்கால் பள்ளம் குளமாகிவிட்டது. கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டார். அப்போது சிமெண்ட் வாங்க சர்க்கார் பர்மிட் வேண்டும். என் வீட்டுக்காரர் மாணிக்கத்தோடு தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். என்றைக்குப் போனாலும் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு தடை வந்தால் எனக்குத் தூக்கம் போகும். அவளைவிட அதிகமாக நான்தான் கவலைப்பட்டேன்.

தையில் எங்கள் தலையில் இடி விழுந்தது. எங்கள் அறையின் சொந்தக்காரர் மகனுக்குக் கல்யாணம் வைத்துவிட்டார். அறை வேண்டும் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றோம். "சொந்த வூடு வச்சிக்கினு என் ரூமைப் புடிச்சிக்கினு இருந்தா எப்படி தம்பி?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. பல இடம் தேடியும் அமையவில்லை. கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டதால் மூட்டைகளைத் தெருவில் எடுத்து வைத்தோம். என் மகள் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் மலையைப் பார்த்தேன். அழுகைகூட வரவில்லை. வீடு இருக்கிறது, கண்ணெதிரே இருக்கிறது, தெருவில் நிற்கிறேன். இதற்கா சுற்றினேன் என்று கேட்டேன்.

எதிர்க் கதவு திறந்தது. செண்பகம் இறங்கி வந்தாள். என் மகளை இறக்கிவிட்டு, அந்த மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"எங்க எடுத்துப் போற?" என்றேன்.

"வூட்டுக்குத்தான். முன் ரூமும் நடுக் கூடமும் நீங்க எடுத்துக்கோங்க. எங்களுக்குப் பின்கட்டு போதும். புது வூட்டுக்கு மேல தளம் போடற வரைக்கும்தானே."

உள்ளே போனதும் அவள் அடுப்பங்கரையில் தன் பாத்திரங்களை ஒரு ஓரமாக ஒதுக்கினாள். அடுப்பைத் துடைத்தாள். கோலம் போட்டாள். "உங்க வூடுக்கா. நீங்க பால் காய்ச்சுங்க" என்று தீப்பெட்டியை என் கையில் கொடுத்தாள். பால் பொங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ நாள் ஜன்னலுக்குப் பின்னால் நான் வைத்துக்கொண்டிருந்த முகம் அது. அந்த முகத்தோடுதான் அவள் எனக்கு அடுப்பைக் கொடுத்தாள்.

நான் கேட்டது அவளைக் கிளப்பு என்று. அவளே வந்து என்னை உள்ளே அழைத்துப் போகும்படி செய்தார் அண்ணாமலையார்.

ஒரே வீட்டில் ஒன்றாக இருந்தோம். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். அவள் வைக்கிற கத்திரிக்காய்க் குழம்பை என் வீட்டுக்காரர் ஒரு நாள் புகழ்ந்தார், இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்கட்டுக்குத்தான் ஓடுவாள். ஆனால் சிமெண்ட் பர்மிட் கிடைத்து மாசியில் சுவர் எழும்பியதும், காலையில் சமையலை முடித்துவிட்டு நானும் அவளும் சேர்ந்தே வேங்கிக்காலுக்குப் போவோம். புதுச் சுவருக்குத் தண்ணீர் விட வேண்டுமே. குடம் குடமாக ஊற்றினேன். சீக்கிரம் இறுகட்டும், சீக்கிரம் போகட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். எப்போது மாறியது என்று தெரியவில்லை. ஒரு நாள் கொத்தனார் ஜன்னலைக் கோணலாக வைத்துவிட்டார். நான் அவரோடு அப்படிச் சண்டை போட்டேன். "இந்தம்மாவா வூட்டுக்காரங்க?" என்று அவர் மாணிக்கத்தைக் கேட்டார். செண்பகம் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

எண்பதாம் வருஷம் வைகாசியில் அவர்கள் குடிபோனார்கள். சாமான் வண்டி கிளம்பிய பிறகு செண்பகம் சாவியை என்னிடம் தந்துவிட்டு, ஒரு நிமிஷம் என்று கிணற்றடிக்குப் போனாள். நான் பின்னால் போகவில்லை. முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "வரேன்க்கா" என்றாள். அன்று மாலை வீடு முழுவதும் எனக்கு. ஒவ்வொரு அறையாக நடந்து பார்த்தேன். மனம் நிறைந்துதான் இருந்தது. பின்கட்டில் மட்டும் விளக்கேற்றக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் அங்கே இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதும் சந்நிதியில் நின்றால் முதலில் அடுத்தவர்களுக்குத்தான் கேட்கிறேன். யார் மேல் எனக்கு வயிறு எரிகிறதோ அவர்களுக்கு முதலில். உங்களுக்கும் ஒரு வீடோ, கல்யாணமோ, வேலையோ தட்டிக்கொண்டே போகலாம். அது இன்னொருத்தர் கையில் இருப்பதைப் பார்த்து நெஞ்சு கொதிக்கலாம். அந்தப் பெயரையே அண்ணாமலையாரிடம் எடுத்துப் போங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாலும் வாங்கிக்கொள்வார். என்னிடம் வாங்கிக்கொண்டார்.

போன மாசம் செண்பகம் வீட்டுக்குப் போயிருந்தேன். கேஸ் அடுப்பு வாங்கியிருக்கிறாள். திருகினதும் நீலமாக எரிகிறது, புகையே இல்லை. நான் இன்னும் விறகு ஊதிக்கொண்டிருக்கிறேன். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த நீலம்தான் கண்ணில் நின்றது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கோயிலுக்குப் போனேன். "அப்பா, அவளுக்கு சிலிண்டர் ஒரு நாளும் தாமதமாகாமல் வரட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.