உர்சுலா அக்காவின் இரண்டாவது சட்டி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் எங்கள் ஆட்கள் பத்துப் பேர் பார்க்க உர்சுலா அக்கா என்னைத் துரத்தியதை நான் இன்னும் மறக்கவில்லை. ஒன்பது வருஷம் ஆகிறது.

அப்போது பத்துமலைக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருந்தேன். அக்கா வேதக்காரி. ரயிலில் கரி அள்ளிய புருஷன் செத்த பிறகு, ஷெட் வாசலில் தேங்காய்ப்பால் சாறு ஊற்றிய நூடுல்ஸான கறி மீ விற்று மகள் மகதலேனாவை வளர்த்தாள். வெள்ளிக்கிழமை அவள் சட்டியில் இறைச்சி விழாது. அதை நம்பித்தான் வரிசையில் நின்றேன்.

"ஒனக்கு இல்ல. போ."

"ஏன்க்கா?"

"போன்னா போ லா! மாலையக் கழட்டிட்டு வா!"

சாமி மாலையை ஏளனம் பண்ணுகிறாள் என்று ஷெட் முழுக்கச் சொன்னேன். மறுநாளிலிருந்து எங்கள் ஆள் ஒருவனும் அங்கே போகவில்லை. எங்களை விட்டால் அவளுக்கு வேறு கிராக்கி ஏது? சட்டி சட்டியாகச் சாறு சாக்கடைக்குப் போனது.

நாலாம் நாள் ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். இலையில் இருந்த கறுத்த கட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு."

பெலாச்சான். கூனி இறாலை உப்புப் போட்டு இடித்த கட்டி. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மொளகா அரைக்கிறப்பவே இது விழுந்திடும். எங்க வெள்ளிக்கெழமைக்கு எறச்சிதான் ஆகாது, மீனு ஆகும். ஒன் வெள்ளிக்கெழமைக்கு ஆகுமா? மாலையோட தின்னிருப்பே!"

கூட வேலை செய்யும் கன்னையா சிரித்தான். "முருகன் ஒன்ன அடிவாரத்துலயே திருப்பி அனுப்பியிருப்பாரு லா!"

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமேக்கா?"

"கெட்டிப்பால் ஊத்துன நேரம். கிண்டுறத விட்டா திரிஞ்சிடும். ஒனக்குக் கத சொல்லவா, பாலப் பாக்கவா?"

நாலு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த விஷயத்தில் நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் மறுநாள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நானே முதலில் போய் நின்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் இரண்டு அடுப்பு எரிந்தது. இரண்டாவது சட்டியில் பெலாச்சான் இல்லை; சோயா விழுது. சட்டி வேறு, கரண்டி வேறு. மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்கும் அந்தச் சாற்றுக்கு ஈடாகக் கோலாலம்பூரில் இன்னொன்றைக் காட்டட்டும், பார்ப்போம். ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் அதைத் தவறவிட்டதில்லை.

போன மாசி மாதம் நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மகதலேனா தனியாகவே கடை போடுகிறாள், சாறு திரியவில்லை என்றேன். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. மூச்சு வாங்க என் கையைப் பிடித்தாள்.

"அய்யாவு, வெள்ளிக்கெழம அவ பக்கத்துல போயி நில்லு. கூட்டத்தப் பாத்தா அவளுக்குக் கையி பதறும். கரண்டி மாறாம பாத்துக்க."