எடெல்மீராவுக்கு விட்டுக்கொடுத்த அலைகள்

ராசோ கடற்கரையில் அன்று காலை அலைச்சறுக்கில் எடெல்மீராவுக்கு நல்ல அலைகள் அடுத்தடுத்துக் கிடைத்தன. அத்தனையும் பிறர் விட்டுக்கொடுத்தவை. அதுதான் அவளை வாட்டியது.

கர்பாயோ ஊர் ரொட்டிக்கடையில் விடியும்வரை அடுப்படியில் வெந்துவிட்டு, நேராகக் குளிர்ந்த கடலில் வந்து விழுவது அவளுடைய நெடுநாள் பழக்கம். மார்பில் வந்த புற்றுநோய் அதை ஓராண்டு நிறுத்திவைத்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இடக்கை முழுவதுமாக உயர மறுத்தது. இருந்தும் இலையுதிர்காலத்துப் பேரலைகள் வந்ததும், தடித்த ரப்பர் உடைக்குள் உடலைத் திணித்துக்கொண்டு பலகையுடன் இறங்கிவிட்டாள்.

அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. அங்கு எல்லோரும் அறிந்த அந்த விதியை லாரி மெக்கானிக் ஃபூகோ மதித்ததே இல்லை. எடெல்மீராவின் அலைகளில் பாதியை அவன் திருடியிருப்பான். அப்படிப்பட்டவன் இன்று, அவள் அலையை நோக்கித் திரும்பினாலே ஒதுங்கி வானத்தைப் பார்த்தான்.

அவள் நீரைத் துழாவிக்கொண்டு அவனருகே சென்றாள்.

"என்ன ஃபூகோ, பாதிரியார்கிட்ட பாவமன்னிப்பு வாங்கிட்டியா? ரொம்ப நல்லவனாயிட்ட."

"இல்ல... உன் கை இன்னும்..."

"கை வலிச்சா எனக்குத்தானே வலிக்கும். உனக்கென்ன?"

"நீ பலகைல எழுந்து நின்னதே பெருசுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க, எடெல்மீரா."

அந்தப் பாராட்டு அவளைக் கடல்நீரைவிட அதிகமாக விறைக்க வைத்தது. வீட்டிலும் கடையிலும் நோயாளியாகவே நடத்தப்பட்டவள், பழைய எடெல்மீராவாக இருக்க இந்த நீர் ஒன்றுதான் மிச்சம் என்று நம்பி வந்திருந்தாள்.

அடுத்த அலை ஃபூகோவுக்கு உரியது. அவன் பலகைமேல் எழும் நேரம் பார்த்துக் குறுக்கே புகுந்தாள். அவன் குப்புறக் கவிழ்ந்தான்.

"ஏ கிறுக்கி, கண்ணு அவிஞ்சுபோச்சா?" என்று வாயிலிருந்த மணலைத் துப்பினான். மறுகணமே அவன் முகம் சுருங்கியது. "ஐயோ, தப்பா எடுத்துக்காத..."

"மன்னிப்பு கேட்டீன்னா நாளையிலேர்ந்து உனக்குக் கருகின ரொட்டிதான்."

அவன் பலகையை இழுத்து அதன்மேல் ஏறிக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து அன்றைய மிகப் பெரிய அலை எழுந்தது. உடையும் முனையில் எடெல்மீரா இருந்தாள். இடக்கை சுண்டியிழுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு துழாவினாள். பலகை வேகம் பிடித்தது; எழுந்தும் நின்றாள். அப்போது ஃபூகோ திரும்பிக்கூடப் பாராமல் அவளுக்கு முன்னால் குறுக்கே இறங்கினான். ஒதுங்க இடமின்றி அவள் நுரைக்குள் உருண்டாள். உடையின் கழுத்துவழியே நுழைந்த நீர் முதுகுத்தண்டைச் சில்லிட வைத்தது.

அவள் தலையை வெளியே நீட்டியபோது மற்றவர்கள் கலவரத்துடன் பார்த்தார்கள். ஃபூகோ அலையைக் கடைசிவரை ஆண்டு அனுபவித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். கண்ணில் மட்டும் சிறு அச்சம்.

"திருட்டுப்பயலே, அது என் அலைடா."

அவன் முகம் தெளிந்தது. "பேரு எழுதி வச்சிருந்தியா?"

அவள் பதிலுக்குத் திட்டிய திட்டு, கரையில் நாயுடன் நடந்தவரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. பிறகு பலகைமேல் குப்புறப் படுத்து, அவனுக்கு முன்பாக அலை உடையும் இடத்தை அடைய விரைந்தாள்.