நாற்பத்தோராவது கனெக்ஷன்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் டி.வி. வைத்திருந்தவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. உயரமான ஆன்டெனா நட்டு, வருவதைப் பார்க்கலாம். ஆடிக்காற்றில் அதுவும் நிலையாக வராது. இல்லையென்றால் என் கொழுந்தன் எங்கள் மாடியறையிலிருந்து அனுப்புவதைப் பார்க்கலாம்.

அந்த அறையில் வீடியோ கேசட் போடும் டெக் ஒன்று, ஒரு சிறிய டி.வி., படத்தை ஒயரில் ஏற்றி அனுப்ப தகரப் பெட்டிக்குள் ஒரு பூஸ்டர், ஒரு மைக், கல்யாண வீடியோக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப்போன பழைய கேமரா ஆகியவை இருந்தன. பூஸ்டரிலிருந்து கிளம்பிய கறுப்பு ஒயர் ஜன்னல் வழியாக வெளியேறி, வேப்பமரம், மொட்டைமாடிச் சுவர், கரண்டு கம்பம் என்று கிடைத்ததையெல்லாம் பற்றிக்கொண்டு நான்கு தெருக்களுக்குப் போயிற்று. மொத்தம் அறுபத்துமூன்று வீடுகள். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு படம். மாலை ஆறரைக்கு உள்ளூர்ச் செய்தி, அதன்பின் இன்னொரு படம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் படத்துக்குப் பதிலாக ஊரில் நடந்த கல்யாணங்களின் கேசட். உள்ளூர்ச் செய்தி என் பொறுப்பு. எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் வரும், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு பஸ் எந்த வழியாகத் திரும்பும் என்பதையெல்லாம் வெள்ளை அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, கேமரா முன்னால் நிறுத்தி, மைக்கில் வாசிப்பேன். என் கையெழுத்து திருத்தமாக இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் கொழுந்தன் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அட்டைகளில் ஒன்று தினமும் படத்துக்கு முன்னால் காட்டப்பட்டது. "படம் ஆடினால் டி.வி.க்குப் பின்னால் உள்ள ஒயரைப் பிடித்து ஒருமுறை ஆட்டவும்." ஒயரின் நுனியை நன்றாகப் பொருத்தாமல், செம்புக் கம்பியை உரித்து, டி.வி.யின் பின்புறத் திருகாணியில் வெறுமனே முறுக்கிவிட்டு வருவது கொழுந்தனின் வழக்கம். அது அடிக்கடி தளரும். அறுபத்துமூன்று வீடுகளுக்கும் அவர் ஓட முடியாது. அதனால் அந்த அட்டை.

ஒயரை ஆட்டுவதில் பெயர் பெற்றவள் நாற்பத்தோராம் எண் வீட்டு அக்கா. எனக்கு உறவில்லை, என்னைவிட ஆறு வயது மூத்தவள். ராட்டையில் தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டே படம் பார்ப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அவள் வீட்டில்தான் கூடுவார்கள். திரையில் ஒரு கோடு விழுந்தால் போதும், எழுந்துவிடுவாள்.

"நீங்க கெடங்கட்டி, என் கை பட்டாத்தான் அது அடங்கும். எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. கொழுந்தன் புது கேசட் எடுக்க ராஜபாளையம் போயிருந்தார். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் மட்டும் மாடியில் இருந்தேன். அந்த வருஷத்து என் டைரியில் நேரம் குறித்திருக்கிறேன்: இரண்டு மணி நாற்பது நிமிடம். வெளியே மரம் முறியும் சத்தம் கேட்டது. எங்கள் டி.வி.யில் படம் சாய்ந்து, கோடுகோடாக ஓட ஆரம்பித்தது. பூஸ்டர் பெட்டி ஒரு மாதிரி இரைந்தது. என்னவென்று பார்க்க அதன் மேல் விரலை வைத்தேன். தோள்பட்டை வரை ஓர் அடி. பின்னால் இருந்த சுவரில் போய் முட்டினேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தெருமுனையில் வேப்பங்கிளை முறிந்து கரண்டுக் கம்பியின் மேல் விழுந்திருந்தது. கம்பி தொய்ந்து எங்கள் கறுப்பு ஒயரின் மேல் கிடந்தது. காற்று அசைக்கும்போதெல்லாம் அந்த இடத்தில் பச்சையாகப் பொறி பறந்தது.

கீழே சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, கரண்டு ஆபீசுக்குப் போயி உடனே லைன நிறுத்தச் சொல்லுங்க" என்று கத்தினேன்.

"அவங்க வருவாங்கம்மா, பொறு. நீ மொதல்ல ஒம் படத்த நிறுத்து" என்றார்.

"படத்த நிறுத்துனா ஆளு செத்துரும் அண்ணாச்சி. போங்க."

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு சைக்கிளில் ஏறினார்.

படத்தை நிறுத்தக்கூடாது என்பது எனக்கு அந்த நொடியில் தெளிவாகத் தெரிந்தது. நிறுத்தினால் அறுபத்துமூன்று வீடுகளிலும் திரை வெள்ளையாகப் பொரியும். அறுபத்துமூன்று பேர் எழுந்து டி.வி.க்குப் பின்னால் கையை விடுவார்கள். அப்படிச் செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தவள் நான். நிறுத்தாவிட்டாலும் படம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஓடிப்போய்ச் சொல்ல எத்தனை வீட்டுக்கு ஓடுவது? என் மனதில் வந்தது ஒரே ஒரு கைதான். நூல் படிந்த, சுறுசுறுப்பான அந்தக் கை.

எழுதிக் காட்டினால் ஆடும் திரையில் யாரும் வாசிக்க முடியாது. மைக் ஒன்றுதான் வழி. மைக்கின் ஒயர் டெக்கோடு சேர்ந்திருந்தது, டெக் பூஸ்டரோடு. அதை வெறுங்கையால் தொட முடியாது. காய்ந்த துண்டு ஒன்றை நான்காக மடித்து இடது கையில் சுற்றினேன். கேசட் வைக்கும் மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றேன். மர ஸ்கேலால் மைக் சுவிட்சைத் தட்டினேன். படத்தின் சத்தம் நின்றது.

"யாரும் டி.வி.யத் தொடாதீங்க. ஒயரத் தொடாதீங்க. ஒயருல கரண்டு பாயுது. எல்லாரும் எந்திரிச்சி வெளியில வாங்க."

இதையே மூன்று முறை சொன்னேன். பிறகு, ஊருக்கே கேட்கும் என்பதை மறந்து, "அக்கா, நாப்பத்தொண்ணு, ஒனக்குத்தான் சொல்லுதேன், கைய எடு" என்றேன். எனக்கு யாரும் பதில் சொல்ல வழியில்லை. அந்த அறையிலிருந்து பேச்சு வெளியே மட்டும்தான் போகும்.

மைக்கைத் துண்டோடு போட்டுவிட்டு ஓடினேன். செருப்புப் போடவில்லை. ஒயர் போன வழியைப் பார்த்து எதிர்ப்பக்கச் சுவரோடு ஒட்டி ஓடினேன். முதல் தெருவில் ஜனங்கள் வாசலில் நின்றிருந்தார்கள். "என்னட்டி ஆச்சி, படம் போடுவியா மாட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள். அப்படியென்றால் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது தெருவிலும் நின்றார்கள். மூன்றாவது தெருவில் அக்கா வீட்டு வாசலில் யாரும் இல்லை. கதவு திறந்து கிடந்தது. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. அந்த வாசலை நான் எப்படித் தாண்டினேன் என்பது எனக்கு நினைவில்லை, டைரியிலும் இல்லை.

பெண்கள் எல்லாரும் பின்கட்டில் இருந்தார்கள். நடுவில் அக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கறுத்து, தோல் சுருண்டிருந்தன. கண் திறந்திருந்தது. மூச்சு வந்தது.

"தூக்கி எறிஞ்சிருச்சி" என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். "எறிஞ்ச பெறவுதான் ஒஞ் சத்தமே வந்துது."

லைன் நின்றுவிட்டது என்று தெருவில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். கைவண்டி ஒன்றில் அக்காவை ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனோம். உயிருக்கு ஒன்றுமில்லை, விரல்கள் எப்படி ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் அவர்.

மறுநாள் கொழுந்தன் கரண்டு கம்பத்தில் கட்டியிருந்த ஒயரையெல்லாம் அவிழ்த்தார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலல்லா மயினி" என்று இரண்டு முறை கேட்டார். அக்கா வீட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று இரண்டு முறையும் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவின் கைக்கட்டைப் பிரித்த பிறகு நான் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன்.

"அக்கா, அந்த அட்டைய எழுதுனது நான்."

"ஒன் எழுத்து எனக்குத் தெரியாதா? நீ எழுதுனதுன்னுதான பயமில்லாம ஆட்டுனேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

ராட்டை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக வீட்டில் தார் சுற்றப்படவில்லை. நூலின் முனையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிக்கப் பார்த்தாள். நழுவியது. மறுபடியும் எடுத்தாள். மறுபடியும் நழுவியது. மூன்றாவது முறை நான் குனிந்து முனையை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

"விடுட்டி. நானே பிடிக்கேன்."

நான் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் பாதிவரை மடங்கி நின்றது.