பின்கட்டுக்கு எட்டாத வைஃபை

திருவையாறு பக்கம் எங்கள் வீடு. பழைய, நீளமான வீடு. பின்கட்டில் செல்போனுக்கு டவர் கிடைக்காது. வைஃபை இருந்தால்தான் பேச முடியும். பழைய இணைப்பு அடிக்கடி போனதால், போன மாதம் வேறு கம்பெனிக்கு மாறினோம்.

வைஃபை பெட்டி மாட்ட வந்தவர், "ஒரு பெட்டி பின்கட்டு வரைக்கும் எட்டாதுங்கம்மா. ரெண்டா வச்சுக்குங்க. உள்ளே வந்து பாக்கட்டுங்களா?" என்றார். அங்கேதான் என் கணவர் மூத்திரப் பையோடு படுத்திருக்கிறார். கூச்சத்தில், "ஒண்ணே போதுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் மத்தியானம் என் கணவருக்கு மூச்சு முட்டியது. பக்கத்து ஊரில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளையைப் போனில் கூப்பிட்டேன். போன் போகவே இல்லை. அவரைத் தனியே விட்டு, டவர் கிடைக்கும் வாசலுக்கு ஓடிப் போன் போட்டேன்.

"மாப்பிள்ளை, மாமாவுக்கு மூச்சு முட்டுது, ஓடியாங்க!"

உயிர் இருக்குமோ இருக்காதோ என்று பின்கட்டுக்குத் திரும்பி ஓடிவந்தேன். நல்லவேளை, இருந்தது. மாப்பிள்ளை காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

தேறியதும், "வெக்கப்பட்டே என்னை மேலே அனுப்பி வச்சிருப்படி" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே பெட்டி மாட்டிய அந்த ஆளை வரவழைத்து, நானே பின்கட்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டாவது பெட்டி இப்போது கட்டிலுக்கு மேலே இருக்கிறது. தினமும் காலையில் கட்டிலருகே நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, அவர் குரல் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.