தண்ணீர் குடிக்காத கழுகு

என் அக்கா வீட்டுக்காரர் டவர் கிரேன் ஓட்டுகிறார். கட்டடம் எழும் இடத்தில் எல்லோருக்கும் அவர் 'கழுகு'. காலையில் ஏணியேறிக் கூண்டில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். நடுவில் ஒன்றுக்குப் போக இறங்கினால் கீழே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், மேஸ்திரி முகம் கடுகடுக்கும். அதற்கு அத்தான் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமலிருப்பது. அதில் பெருமை வேறு. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதுகு வலித்தபோது இருக்கையைக் குறை சொன்னார். அக்கா மெத்தை தைத்துக் கொடுத்தாள். பிறகொரு நாள் வலி விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கியது. எப்படியோ கீழே வந்து சிமென்ட் மூட்டைமேல் சுருண்டவரை மேஸ்திரிதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்.

ஊசி போட்டு ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்க் குழாயில் மிளகளவு கல். மாத்திரையும் தண்ணீருமாகச் சில வாரம் பார்க்கலாம், வராவிட்டால் லேசரால் உடைக்கலாம், காய்ச்சல் வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்றார் டாக்டரம்மா. கல் விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சிறுநீரை வடிகட்டிப் பார்க்கவும் சொன்னார். அத்தான் கேட்டது ஒன்றுதான்.

"நான் மறுபடி மேல ஏறலாமா?"

"கல்லு வெளிய வரட்டும், ஏறலாம். ஆனா இப்படியே தண்ணி குடிக்காம இருந்தா இன்னொண்ணு வரும்."

தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டும், இறங்கினால் வேலை போய்விடும். அந்தப் பயம் கல்லைவிட அதிகமாக அவரை அரித்தது. வீட்டு ஜன்னலில் நின்று, தூரத்தில் வேறொருவன் ஓட்டும் கிரேனைப் பார்த்து, சுமையைத் தொட்டில்போல ஆட்டுகிறான் என்று திட்டிக்கொண்டிருந்தார்.

வடிகட்ட அவர் எடுத்தது டீ வடிகட்டி. அக்கா பார்த்துவிட்டாள். "இனிமே உங்களுக்கு டீ இதுலதான்" என்றாள். அன்றே அவருக்கென்று தனியாக ஒன்று வாங்கிவந்தாள். அதில்தான் ஒரு காலை கல் வந்து விழுந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இரும்புக் கட்டெல்லாம் தூக்குனேன். இத்துனூண்டுகிட்ட தோத்துட்டேனே."

மறு ஸ்கேனில் குழாய் சுத்தம். வேலைக்குப் போன அன்று, நடுவில் இறங்குவேன் என்று மேஸ்திரியிடம் துணிந்து சொல்லிவிட்டார். மேஸ்திரி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். ஏறிச் சில மணி நேரத்தில் வாக்கிடாக்கி கூப்பிட்டது. "கழுகு, இறங்கு."

சீட்டு கிழிந்தது என்று நினைத்தே இறங்கினார். கிரேன் அடியிலேயே, காலையில் ஏறும்போது இல்லாத தகரக் கழிப்பறை ஒன்று நின்றது. மேஸ்திரி தண்ணீர்ச் செம்பை நீட்டினார், அதே கடுகடுத்த முகத்தோடு.

"குடிச்சிட்டு, போயிட்டு, நிதானமா ஏறு. நாங்க நிக்கிறோம்."

அன்றைக்கு எத்தனை முறை இறங்கினார் என்பதைத்தான் இப்போது வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறார். இந்தப் பெருமையை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சலிக்கவில்லை.