மாதாவின் கீழே ஒரு சூனியக்காரி

பியர்பொன்ட்ஸில் நாங்கள் வீடு வாங்கிய முதல் வருடம். மகள் புதுப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இரண்டு மாதமாகியும் ஒரு சிநேகிதி கிடைக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டைத் தனியாக இருந்து சாப்பிடுகிறாள் என்று தெரிந்ததிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை. அப்படி இருக்கும்போது ஒருநாள் அவள் ஓடிவந்து, மாதக் கடைசியில் வருகிற ஹலோவீன் அன்று வகுப்புப் பிள்ளைகள் இரண்டுபேர் எங்கள் வீட்டுக்குப் படம் பார்க்க வருகிறார்கள் என்றாள். வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கிய பிறகு சூனியக்காரிப் படம். பயமுறுத்துகிற படமில்லை, சிரிப்புப் படம். வீடியோக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து அதன் பிரெஞ்சு டிவிடியை எடுத்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணள்ளிப் போட்டவர் என் கணவர். ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் கோயில் பங்கின் தமிழ்ச் சனம் மாதா சுரூபத்தை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செபமாலை சொல்லும். பூசை முடிந்து வரும்போது செபக்கூட்டம் நடத்தும் அக்கா கடைசி நாளுக்கு வீடு கேட்டிருக்கிறார். இவர் பெரிய மனுசனாகத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

"ஒக்டோபர் கடைசி நாள் என்ன நாளெண்டு தெரியுமோ உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியும். செபமாலை மாதம் முடியிற நாள்."

இந்த மனுசனோடு என்ன கதைப்பது? மாதாவை வரவேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சிநேகிதிகளை வரவேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. செபம் முதலில், படம் பிறகு என்று ஒருவாறு சமாளிக்க நினைத்தேன். ஆனால் அந்த அக்கா ஹலோவீனைப் பேயின் கொண்டாட்டம் என்று கூட்டத்தில் வைத்தே ஏசியவர். மகளின் முகம் சுண்டிப்போய்விட்டது.

"செபத்தைக் கண்டா அவை என்னைப் பாத்துச் சிரிப்பினம் அம்மா. பேந்து ஒருத்தரும் என்னோட கதைக்கமாட்டினம்."

அன்று பின்னேரம் கூடம் நிறையச் சனம். எங்கள் வீட்டில் சுரூபம் வைக்கக்கூடிய உயரமான இடம் தொலைக்காட்சிப் பெட்டிதான். அதன்மேல் வெள்ளைத் துணி விரித்துப் பூ வைத்தோம். செபமாலையின் ஐந்து பத்துகளில் இரண்டாவது நடக்கும்போது வாசல் மணி அடித்தது. மிட்டாய்க்கு வந்த அயல் பிள்ளைகள். தலையாட்டிய மனுசனைப் பார்வையாலேயே கதவுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு மணி ஓயவில்லை. ஒரு கையில் செபமாலை, மறு கையில் மிட்டாய்ச் சட்டி என்று அவர் கூடத்துக்கும் வாசலுக்கும் ஓடித் திரிந்தார். வாய் மட்டும் அருள்நிறை மந்திரத்தை விடவில்லை.

நாலாம் பத்தில் கதவு திறந்தபோது கூரான கறுப்புத் தொப்பியோடு மூன்று சூனியக்காரிகள் நின்றார்கள். அதில் ஒருத்தி என் மகள். மழை பிடித்ததால் வீடு வீடாகப் போவதை விட்டு நேரத்தோடு வந்துவிட்டார்கள். அக்கா மந்திரத்தை நிறுத்தாமலே அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சீலையை ஒதுக்கிக்கொண்டு தன் பக்கத்தில் இடம் விட்டார். மூன்று பேரும் முழந்தாளில் நின்றார்கள். சிநேகிதிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிச்சுற்றிப் பார்த்தார்கள். மகள் தலையே நிமிர்த்தவில்லை.

செபம் முடிந்து தேநீரும் கடலையும் கொடுத்தேன். மழை விடாததால் யாரும் எழும்பவில்லை. பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், சுரூபமோ தொலைக்காட்சியின் மேலே. நான் தயங்கி நிற்பதை அக்கா கண்டுவிட்டார்.

"படத்தைப் போடுங்கோ பிள்ளை. தேத்தண்ணி குடிச்சிட்டு நான் மாதாவை எடுக்கிறன்."

படத்தில் ஒரு சூனியக்காரி. அவளுடைய விளக்குமாறு பறக்க மறுக்கிறது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் தரிப்பில் நிற்கிறாள். அக்கா விடியற்காலையில் இரண்டு பஸ் மாறி டவுன்டவுனுக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவர். கோப்பையைக் கையில் பிடித்தபடியே, "அவள் என்ன சொல்லுறாள்?" என்று மகளைக் கேட்டார்.

வீட்டில் நான் தமிழில் கேட்டாலும் அநேகமாகப் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிற பிள்ளை மெல்ல வாய் திறந்தது. "பஸ் வரேல்லையாம். வேலைக்குப் பிந்தினால் முதலாளி தவளையா மாத்திப்போடுவாராம்."

அக்கா கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்கட பஸ்தான். எங்கட முதலாளியும்தான்."

கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு பெண்கள் மகளை இருக்க விடவில்லை. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் முழுவதையும் தமிழில் சொன்னாள். பெண்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிநேகிதிகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் பிள்ளையை அத்தனை பேர் நடுவில் அப்படிப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கூட்டிப்போகக் கார் வந்ததும், சிநேகிதிகளில் ஒருத்தி வாசலில் நின்று மகளிடம் பிரெஞ்சில் கேட்டாள். இந்த ஆட்கள் ஒவ்வொரு ஹலோவீனுக்கும் உன் வீட்டுக்கு வருவார்களா, அடுத்த முறையும் நாங்கள் வரலாமா என்று. மகள் கொஞ்சமும் யோசிக்காமல் ஓம் என்றாள். பிறகு அவசரமாக அக்காவிடம் திரும்பினாள்.

"அன்ரி, வாற வருசமும் கடைசி நாள் எங்கட வீடுதானே?"

அக்கா சுரூபத்தை இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நீ படத்தை எடுத்து வை பிள்ளை. நான் மாதாவைக் கொண்டாறன்."

பக்கத்தில் நின்ற என் கணவர் பெரிய மனுசனாகத் தலையாட்டினார். இந்த முறை நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை.