இல்லாத கஞ்சா லைசென்ஸுக்கு முன்பதிவுக் கட்டணம்

லைசென்ஸ் ஏஜென்டுக்குக் கடை வேண்டாம், சரக்கு வேண்டாம். அரசாங்கத்தில் ‘நம்ம ஆள்’ இருப்பதுபோல் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரிந்தால் போதும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அப்படி ஓர் ஆபீஸ். சட்டம் படித்துக்கொண்டே நான் அங்கே பகுதிநேரமாக உட்கார்ந்திருந்தேன். பாஸின் பொய்க்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

சட்டம் வருவதற்கு முன்

சலூனுக்கும் பூக்கடைக்கும் உரிமம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் என் பாஸ். தாய்லாந்தில் கஞ்சாக் கடைகள் திறந்த செய்தியைப் பார்த்ததும் அவருக்கு ஞானம் பிறந்தது. ‘மருத்துவக் கஞ்சாக் கடை உரிமம், முன்பதிவு ஆரம்பம்’ என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். சிலாங்கூருக்கு ஒரு கட்டணம், கோலாலம்பூருக்கு வேறு கட்டணம், இரண்டும் சேர்ந்தால் தள்ளுபடி!

நம் மலேசியாவில் கஞ்சாக் கடைக்கு உரிமமே கிடையாது. கையில் வைத்திருந்து பிடிபட்டாலே ஜெயில். “இந்தக் கட்டணமெல்லாம் எந்தச் சட்டத்தில் இருக்கு பாஸ்?” என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சட்டம் வந்த பிறகு காசு கேக்கிறவன் கவர்மெண்ட்டு. வர்றதுக்கு முன்னாலயே கேக்கிறவன்தான் கன்சல்டன்ட்.”

முதலில் போர்டு

தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர் முனுசாமி அங்கிள். முன்பதிவுக்குக் கொஞ்சம் கட்டிவிட்டார். மீதிக்குத் தன் இபிஎப் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆயுளெல்லாம் ஓட்டிச் சேர்த்த பணம், ஐயா!

அவரோ போனில் கடைப் போர்டின் படத்தைக் காட்டினார். ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் பச்சை இலை. திறப்பு விழாவுக்குப் பூ அலங்காரம்கூடச் சொல்லிவிட்டாராம். “லைசென்ஸே வரலையே அங்கிள்?” என்றேன்.

“நீ ஒண்ணும்மா! கிள்ளான்ல எவன் லைசென்ஸ் வந்த பிறகு போர்டு போட்டிருக்கான்?”

விளக்கக் கூட்டம்

கிள்ளானில் ஒரு மண்டபத்தில் பாஸ் விளக்கக் கூட்டம் வைத்தார். கடைக்கு எதிரே கார் நிறுத்த இடம் வேண்டுமா, இரண்டாவது கிளைக்குக் கட்டணம் குறையுமா, மருமகன் பெயரில் எடுக்கலாமா என்று கேள்விகள் பறந்தன. சொந்த மருமகன் கஞ்சாவோடு சிக்கினால் வீட்டை விட்டுத் துரத்துகிற அதே பெரிய மனிதர்கள்தான்! இது யாருக்கு மருந்து என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

மருந்து கேட்டவர் ஒரே ஒருவர்தான். சுங்கை வேயிலிருந்து பஸ் பிடித்து வந்த ஆன்டி. கணவருக்குப் புற்றுநோய், இங்கே வலிக்கு மருந்து தருகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாஸ் கூசாமல், “ஆன்டிக்கு சின்னக் கடையா போட்டுக்கலாம், கட்டணம் கம்மிதான்” என்றார்.

“எனக்குக் கடை வேணாம் தம்பி. அவரு ஒரு ராத்திரி தூங்கணும்.”

ஸ்பீக்கரில் உண்மை

முனுசாமி அங்கிள் மீதிப் பணம் கட்ட வந்த அன்று, அவரைப் படியேற விடாமல் கீழே சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்தேன். தே தாரிக் டீ ஆறும்வரை வாதாடினேன். நம்பவில்லை. சரி என்று அரசாங்க அலுவலகத்துக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அந்த அதிகாரி மலாயில் பொறுமையாகச் சொன்னார்: அப்படி உரிமம் எதுவும் இல்லை, யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். அங்கிளின் முகம் மலர்ந்தது. பையை இடுக்கிக்கொண்டு எழுந்து, இரண்டிரண்டு படியாக மேலே ஏறினார்.

“கவர்மெண்ட்டே இப்படி மறைக்குதுன்னா, விஷயம் பெருசுலா தங்கச்சி!”

போலீஸ் ரிப்போர்ட்

அன்றைக்கே வேலையை விட்டேன். அடுத்த மாதம் ஆபீஸைப் பூட்டிவிட்டு, அங்கிள் கட்டிய பணத்தோடு பாஸ் காணாமல் போனார். போன் அடித்தால் எடுப்பதில்லை. நானே அங்கிளைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் வரை போனேன். பணம் கொடுத்தவர் நீங்கள்தான், நீங்கள் வாயைத் திறந்தால்தான் அவனைப் பிடிக்க முடியும் என்று வழியெல்லாம் சொன்னேன். வாசலில் செருப்பைத் தரையோடு தைத்துவிட்டதுபோல் நின்றுவிட்டார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு என் காதோரம் குனிந்தார்.

“வேணாம்மா. ரிப்போர்ட் பண்ணி, நாளைக்கு லைசென்ஸ் வரும்போது என் பேரை மட்டும் எடுத்துட்டாங்கன்னா?”

அத்தனை வாதத்தையும் இலவசமாகச் செய்ததுதான் நான் செய்த முட்டாள்தனம்; ஆலோசனைக் கட்டணம் என்று ஒரு தொகை கேட்டிருந்தால் அங்கிள் என்னையும் நம்பியிருப்பார்.